கடன் என்று கோல் வந்தால் கடதாசியைக் கேளுங்கள்



நீளமான பதிவு. இப்போது நேரமில்லாதவர்கள் சேவ் பண்ணி வைத்து இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். வீட்டில் பேஸ்புக் பார்க்காத உம்மா, வாப்பா, மாமிமார் இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு கோல் வருகிறது. "நீத்தி அங்ஷயென் கத்தா கரன்னே" என்று சிங்களத்தில் தொடங்குகிறார்கள். சட்டப் பிரிவிலிருந்து பேசுகிறார்களாம். எந்தக் கம்பனியின் சட்டப் பிரிவு என்பதை ஓட்டமாகச் சொல்வார்கள், காதில் நிற்காது. உங்கள் முழுப்பெயரைச் சொல்வார்கள். அடையாள அட்டை இலக்கத்தையும் சொல்வார்கள். நீங்களோ, உங்கள் கணவரோ, மௌத்தான உங்கள் வாப்பாவோ எடுத்த கடன் ஒன்று வட்டியோடு இவ்வளவு ஆகி நிற்கிறதாம். இன்று பகல் 12 மணிக்கு முன் பாதியாவது கட்டாவிட்டால் ஃபைல் கோர்ட்டுக்குப் போகும், பொலிஸ் வீட்டுக்கு வரும், உங்கள் போட்டோ ஊர் வட்ஸ்அப் குரூப்புகளில் ஏறும். அடுத்த நிமிடம் ஒரு கணக்கிலக்கம் வரும். அது கம்பனி பெயரில் இருக்காது, யாரோ ஒரு தனி ஆளின் பெயரில் இருக்கும். கேட்டால் "அது எங்கள் கெஷியர்" என்பார்கள்.

உலகம் முழுக்க நடக்கிற வியாபாரம் இது. அமெரிக்காவில் இதற்குப் "பேய்க் கடன்" என்று பொருள்படுகிற ஒரு பெயரே இருக்கிறது. இல்லாத கடனை இருப்பதாகச் சொல்லி வசூலிப்பது. இந்தியாவில் லோன் ஆப் மிரட்டல் தாங்காமல் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் வந்து, 2022 செப்டெம்பரில் ரிசர்வ் வங்கி டிஜிட்டல் கடன்களுக்கென்று தனி விதிகள் போட்டது. நமக்குப் பக்கத்தில் குண்டசாலையில் 2024 ஒக்டோபரில் ஒன்லைன் மோசடி சம்பந்தமாக நூற்றுக்கும் மேற்பட்ட சீனர்களைப் பொலிஸ் பிடித்தது நினைவிருக்கும். அதே வருடம் மியன்மாரின் மியாவாடி முகாம்களில் சிக்கி, மோசடிக் கம்பியூட்டர்களுக்கு முன்னால் பலவந்தமாக உட்கார வைக்கப்பட்ட இலங்கைப் பிள்ளைகளை அரசாங்கம் மீட்டுவந்தது. ஒரு பொடியன் சும்மா போனைத் தூக்கி விளையாடுகிறான் என்று இதை நினைக்க வேண்டாம். மேசை போட்டு, என்ன பேச வேண்டும் என்று எழுதி வைத்து, ஷிப்ட் முறையில் செய்கிறார்கள்.

இனி, நம்முடைய ஆட்கள் ஏன் இதில் விழுகிறார்கள் என்பதற்கு வருகிறேன். "படிப்பறிவு இல்லை, அதான்" என்று சிலர் கொமன்ட் போடுவார்கள். நான் அதை ஏற்கவில்லை. படித்தவர்களும் கட்டியிருக்கிறார்கள். என்னுடைய அபிப்பிராயம், நமக்குக் கடன் மேல் இருக்கிற பயம்தான் அவர்களுடைய மூலதனம்.

அந்தப் பயம் நல்ல பயம். சின்ன வயதிலிருந்தே மத்ரஸாவில் கேட்டு வளர்ந்தது. கடனோடு மௌத்தான ஒருவருக்கு நபி (ஸல்) அவர்கள் தொழுவிக்கத் தயங்கியதும், அபூ கதாதா (ரழி) அவர்கள் அந்தக் கடனைத் தான் ஏற்பதாகச் சொன்ன பிறகே தொழுவித்ததும் நம் எல்லோருக்கும் தெரிந்த சம்பவம். இன்றைக்கும் நம்முடைய பள்ளிகளில் ஜனாஸா தொழுகைக்கு முன்னால் மகன் எழும்பி நின்று, "வாப்பா யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், நான் பொறுப்பு" என்கிறார். எவ்வளவு அழகான வழக்கம். அந்த மகனுக்கு இரண்டு கிழமை கழித்து ஒரு கோல் வந்து, "உங்கட வாப்பா எங்களிடம் 65,000 ரூபா எடுத்திருக்கிறார்" என்றால் அவர் என்ன செய்வார்? கணக்குக் கேட்க வாய் வராது. வாப்பாவின் கப்ரை நினைப்பார். கட்டிவிடுவார்.

ஜனாஸா அறிவித்தலை நாம் பேஸ்புக்கில் எப்படிப் போடுகிறோம் என்று ஒருமுறை பாருங்கள். மௌத்தானவரின் பெயர், ஊர், தொழில், மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், அதில் யார் கட்டாரில், யார் கொழும்பில், கடைசியில் மூத்த மகனின் போன் நம்பர். கள்வன் தேடி அலைய வேண்டியதில்லை, நாமே ஃபைல் கட்டிக் கொடுக்கிறோம்.

ஆனால் கடனுக்குப் பயப்படச் சொன்ன அதே மார்க்கம் இன்னொன்றையும் சொல்லியிருக்கிறது. குர்ஆனில் மிக நீளமான வசனம் எது என்று நான் வகுப்பில் கேட்பதுண்டு. பிள்ளைகள் தொழுகை, நோன்பு, ஹஜ் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் அது. கடனை எழுதி வைப்பது பற்றியது. தவணை குறித்த கடன் என்றால் எழுத வேண்டும், எழுதுகிறவர் நீதமாக எழுத வேண்டும், சாட்சி வைக்க வேண்டும், தொகை சின்னது என்று சடைந்துவிடக் கூடாது. அதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியவர் கடன் வாங்கியவர். அவர் சொல்லத்தான் எழுத வேண்டும். கொடுத்தவர் தன் இஷ்டத்துக்குத் தொகையைச் சொல்லி எழுதிக்கொள்வதற்கு அங்கே இடமில்லை. அப்படியிருக்க, முகம் தெரியாத ஒருவன் போனில் ஒரு தொகையைச் சொல்ல, நாம் ஏன் தலையாட்ட வேண்டும்?

எனவே ஆதாரம் கேட்பது கடனை மறுப்பதாகாது, கடனிலிருந்து தப்பி ஓடுவதும் ஆகாது. "எழுத்தில் தாங்க" என்பது நமக்குக் கட்டளையிடப்பட்ட முறை. சிங்களத்தில் தடுமாறுகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் பாடமாக்கி வைத்துக்கொள்ளுங்கள்: "லியுமகின் எவன்ன." கடிதத்தில் அனுப்புங்கள். அவ்வளவுதான். சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். "அட்ரஸ் சொல்லுங்கோ அனுப்புறோம்" என்றால் சொல்லாதீர்கள். கடன் கொடுத்தவரிடம் உங்கள் அட்ரஸ் இருக்கும்.

உண்மையான கடன் என்றால் அது எப்படி வரும்? வங்கியோ பைனான்ஸ் கம்பனியோ பணம் வர வேண்டும் என்றால் முதலில் நினைவூட்டுவார்கள். பிறகு சட்டத்தரணி மூலம் கோரிக்கைக் கடிதம் அனுப்புவார்கள், அநேகமாகப் பதிவுத் தபாலில். அதில் கடன் ஒப்பந்த இலக்கம், திகதி, தொகை, சட்டத்தரணியின் பெயர், விலாசம் எல்லாம் இருக்கும். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு. அங்கிருந்து வழக்கிலக்கத்தோடு கடதாசி பதிவுத் தபாலில் வரும், அல்லது பிஸ்கால் கொண்டுவருவார். நீதிமன்றம் வட்ஸ்அப்பில் பேசாது. பகல் 12 மணி என்று கெடு வைக்காது. தனி ஆளின் கணக்கில் காசு போடச் சொல்லாது.

பொலிஸ் வந்து பிடித்துக்கொண்டு போகும் என்பதும் அப்படித்தான். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். கட்ட இயலாமை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைச் சிறையில் போடக் கூடாது என்பது, இலங்கை 1980இல் ஏற்றுக்கொண்ட சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆவது உறுப்புரை. வியாபாரிகளுக்காக ஒன்று சொல்ல வேண்டும்: காசில்லாமல் செக் திரும்புவது வேறு கதை. 1990இன் கடன் அறவீட்டுச் சட்டத்தின்படி அது குற்றம். ஏலம், மிளகு எடுக்கிறவர்கள், தம்புள்ளை மார்க்கெட்டோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருப்பவர்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அதேபோல, உண்மையான நீதிமன்றக் கடதாசி வந்தால் "இதுவும் பொய்யாக இருக்கும்" என்று அலுமாரிக்கு மேல் போட்டுவிடாதீர்கள். அதில் குறித்த திகதிக்குப் போகாவிட்டால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

"என்னுடைய ஐடி நம்பரெல்லாம் சொன்னாங்களே சேர்" என்று கேட்பார்கள். சொல்வார்கள்தான். போன் கடையில் கொடுத்த போட்டோ கொப்பி, "பரிசு விழுந்திருக்கு" என்று வந்த லிங்க்கில் நிரப்பிய படிவம், வேலைக்கு அனுப்பிய விண்ணப்பம் என்று நம்முடைய அடையாள அட்டை இலக்கம் ஊரெல்லாம் சுற்றுகிறது. "பிறந்த திகதியும் சரியா சொன்னாங்க" என்பார்கள். அதற்கு ஒரு மந்திரமும் தேவையில்லை. பழைய அட்டையின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். 78561 என்று தொடங்கினால் 1978 மார்ச் 1ஆம் திகதி பிறந்த ஒரு பெண். (பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணுவார்கள், அதனால்தான் மார்ச் 1க்கு 61.) என்னுடைய 7ஆம் தரப் பிள்ளைகள் இதை ஐந்து நிமிடத்தில் போட்டுவிடுவார்கள். ட்ரூகோலரில் "லீகல் டிபார்ட்மென்ட்" என்று விழுவதும் ஒன்றுமில்லை, அந்தப் பெயரை யாரும் வைத்துக்கொள்ளலாம். வட்ஸ்அப் படத்தில் பொலிஸ் இலச்சினை இருப்பதும் அப்படியே.

எங்கள் பாடசாலையில் ஒரு பிள்ளை நான்கு நாள் வரவில்லை. ஒழுங்காக வருகிற பிள்ளை. ஐந்தாம் நாள் உம்மா வந்தார். (அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.) கணவர் வெளிநாட்டில். கணவர் போவதற்கு முன் கடன் எடுத்ததாகக் கோல் வந்திருக்கிறது. முதல் தடவை 15,000 போட்டிருக்கிறார். இரண்டு நாளில் "வட்டி மட்டும்தான் கழிந்தது" என்று மறுபடியும். காப்பை ஈடு வைத்து 22,000. மூன்றாவது தடவை "கோர்ட் பீஸ்" 40,000. இல்லை என்று சொன்னபோது, "உங்கட மகள் இன்ன ஸ்கூலுக்குத்தானே போறா" என்று கேட்டிருக்கிறான். அதோடு அந்தத் தாய் சிம்மைக் கழற்றி வைத்துவிட்டுப் பிள்ளையையும் வீட்டோடு நிறுத்திவிட்டார். ஸ்கூல் எப்படித் தெரிந்தது என்று பார்த்தால், பரிசளிப்பு விழாப் போட்டோ அவருடைய பேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது, பிள்ளையின் பெஜ்ஜோடு.

நான் கேட்ட முதல் கேள்வி, "கணவரிடம் கேட்டீங்களா?" என்பது. கேட்கவில்லை. இந்த மூன்று கிழமையும் ஒவ்வொரு இரவும் அவரோடு வீடியோ கோலில் பேசியிருக்கிறார், இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடன் எடுத்து மறைத்துவிட்டாரோ என்ற சந்தேகம் ஒரு பக்கம், கேட்டால் கோபிப்பாரோ என்ற பயம் மறுபக்கம். அங்கேயே கோல் எடுக்க வைத்தேன். அவர் எந்தக் கடனும் எடுத்திருக்கவில்லை. இரண்டு பேரும் போனில் அழுதார்கள். 37,000 ரூபா போனது ஒரு நஷ்டம். மூன்று கிழமை ஒரு பெண் தன் கணவரைக் கள்வனாக நினைத்துக்கொண்டு வாழ்ந்தது அதைவிடப் பெரிய நஷ்டம் என்று நான் நினைக்கிறேன். பிள்ளை இப்போது வருகிறது, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தத் தாயிடம் "இவ்வளவு மிரட்டியும் சந்தேகம் வரவில்லையா?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு இன்னும் மனதில் நிற்கிறது. "கடன் குடுத்தவங்க அப்படித்தானே சேர் பேசுவாங்க?"

பிரச்சினையின் வேர் இங்கேதான் என்று எனக்குப் படுகிறது. உண்மையான வசூல்காரர்களும் இதே மாதிரித்தான் பேசுகிறார்கள். கிழமைக் கடன் வசூலிக்க வருகிறவர் வாசலில் நின்று நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்துவதை நம் பெண்கள் பார்த்திருக்கிறார்கள், தோட்டப் பக்கத்துத் தாய்மாரும் பார்த்திருக்கிறார்கள். 2021 மார்ச் 8ஆம் திகதி நமக்கு அடுத்த பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் நுண்கடனால் பாதிக்கப்பட்ட பெண்கள் சத்தியாக்கிரகம் தொடங்கி வாரக்கணக்கில் வீதியோரம் உட்கார்ந்ததும் இந்த அவமானம் தாங்காமல்தான். கத்துவது வழக்கமாகிப்போன ஊரில் பொய்யனும் கத்தினால் யாருக்கு வித்தியாசம் தெரியும்? 2023இல் மத்திய வங்கி நிதி நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகளைக் கொண்டுவந்தது. அதன் கீழ் வருகிற வங்கியோ பைனான்ஸ் கம்பனியோ கடனாளியைத் துன்புறுத்தி வசூலிக்க முடியாது. ஆகவே கடன் உண்மையாகவே இருந்தாலும், மிரட்டினால் முறைப்பாடு செய்யலாம். மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் பிரிவின் இலக்கம் 1935. மாத்தளையிலேயே மத்திய வங்கியின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

லோன் ஆப் விஷயம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அங்கே கடன் உண்மையாக இருக்கலாம். அவசரத்துக்குப் பத்தாயிரம் கேட்டவருக்குக் கழிவு போகக் கையில் கிடைப்பது குறைவு, திருப்பிக் கேட்பது அதைவிட எவ்வளவோ கூட. வட்டியைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது, ஹஸ்ரத்மார் ஜும்ஆவில் சொல்லியாகிவிட்டது. நான் சொல்ல வருவது அடுத்த ஆட்களைப் பற்றி. ஆப் போடும்போது "கொன்டெக்ட்ஸ் பார்க்க அனுமதி" என்று அமத்திவிடுகிறோம். பிறகு கடன் எடுத்தவரின் மச்சானுக்கும், டீச்சருக்கும், கடை முதலாளிக்கும் கோல் போகிறது: "நீங்கதான் இவருக்குப் பிணை." 2023 மே மாதக் கடைசியிலிருந்து கடன் ஆப்கள் போன் நம்பர்களையும் போட்டோக்களையும் எடுக்கக் கூடாது என்று கூகுள் தன்னுடைய ப்ளே ஸ்டோரில் விதி போட்டது. ஆனால் வட்ஸ்அப் லிங்க்கில் வருகிற ஆப்புக்கு அந்த விதி ஏது? ஒருவருடைய போனில் உங்கள் நம்பர் இருப்பதால் நீங்கள் பிணையாளி ஆகமாட்டீர்கள். கையெழுத்து வைத்திருந்தால்தான் பிணை. நம்முடைய ஆசிரியர்கள் பலர் உண்மையாகவே யாருக்காவது பிணைக் கையெழுத்து வைத்திருக்கிறோம், அதனால் இந்தக் கோல் வந்ததும் "அதுவா இருக்குமோ" என்று நெஞ்சு பதறுகிறது. யார் யாருக்குக் கையெழுத்து வைத்தோம், எந்த வங்கி, எந்த வருடம் என்று இன்றைக்கே ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சந்தேகம் தீர ஒரு வழி இருக்கிறது. கடன் தகவல் பணியகம், நாம் கிரிப் என்று சொல்வது, 1990இல் சட்டமூலம் அமைக்கப்பட்டது. உங்கள் பெயரில் இருக்கிற கடன்களின் அறிக்கையை நீங்களே எடுக்கலாம். கோல் எடுத்தவன் வங்கி, பைனான்ஸ், லீசிங் என்று சொன்னால் அந்தக் கடன் அதில் இருக்க வேண்டும். தனியார் கைமாற்றும் பதிவில்லாத கடைகளும் அதில் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். கம்பனி உண்மையா என்று அறிய, அனுமதிப்பத்திரம் பெற்ற நிறுவனங்களின் பட்டியல் மத்திய வங்கியின் இணையத்தளத்தில் இருக்கிறது. பட்டியலில் பெயர் இருந்தாலும், கோல் வந்த நம்பருக்குத் திருப்பி எடுக்காமல் கம்பனியின் கிளைக்கு நேரே போய்க் கேளுங்கள்.

காசு போட்டுவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். ஒன்லைனில் போட்ட காசு நிமிடத்தில் அடுத்த கணக்குக்குப் போய்விடும், அங்கிருந்து எடுக்கவும் முடியும். அதனால் விடியட்டும் என்று இருக்காமல் அந்த நேரமே உங்கள் வங்கியின் ஹொட்லைனுக்குச் சொல்லுங்கள். ஓடிபியோ காட் விவரமோ கொடுத்திருந்தால் காட்டையும் நிறுத்தச் சொல்லுங்கள். மெசேஜ், கணக்கிலக்கம், ஸ்லிப் ஒன்றையும் அழிக்காமல் பொலிஸில் முறைப்பாடு போடுங்கள். இலங்கை சேர்ட்டின் இலக்கம் 101. பிறகு, "போன காசை மீட்டுத் தருகிறோம், சின்னக் கட்டணம்தான்" என்று இன்னொரு கோல் வரும். அதுவும் அவர்களே.

இனிப் பள்ளி நிர்வாகங்களிடம் ஒரு கோரிக்கை. ஜனாஸா அறிவித்தலில் குடும்பத்தினரின் போன் நம்பரைப் போடாமல், பள்ளியின் நம்பரைப் போடுங்கள். கடன் பற்றிய அறிவிப்பின்போது, "கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் எழுத்தோடும் சாட்சியோடும் பள்ளிக்கு வாருங்கள், நிர்வாகத்தினர் முன்னிலையில் முடித்துக்கொள்வோம்" என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உண்மையில் கொடுத்தவருக்கு அது ஒரு சிரமமும் இல்லை, இத்தாவில் இருக்கிற ஒரு பெண்ணுக்குப் பெரிய பாதுகாப்பு. எங்கள் மஹல்லாவில் இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன், அடுத்த கூட்டத்தில் எடுக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ். உக்குவளை, வரக்காமுறை, கலேவெலப் பக்கத்தில் நிர்வாகத்தில் இருக்கிறவர்கள் உங்கள் பள்ளியில் என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்.

இப்படிக் கோல் வந்தவர்கள் எந்த நேரம் வந்தது, எந்தக் கம்பனிப் பெயர் சொன்னார்கள், எவ்வளவு கேட்டார்கள் என்று இன்பொக்ஸில் அனுப்புங்கள். சேர்த்துப் பொலிஸில் கொடுக்கப் பார்க்கிறேன். நம்பர்களைக் கொமன்ட்டில் போட வேண்டாம், வேறொரு அப்பாவியின் சிம்மாக இருக்கலாம்.